கீழ்ப்பக்கத்துக் கதவு

ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் வீடு, சமுதாயக் கூடம், பூங்கா, நினைவுச் சின்னம் என்று வரைந்து தள்ளியவன் நான். நல்லதாக எழுத நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நானும் நான்கு தடவை உட்கார்ந்து பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாலும் பேனா சேர்வராயன் மலையில் இருபது வீடுகள் கட்டிய அந்தக் காலனிக்கே போய் நிற்கிறது. சரி, போய்த் தொலையட்டும். அதையே எழுதுகிறேன். பிரசுரிக்க மனமில்லை என்றால் கிழித்துப் போடுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சேலத்தில் எங்கள் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைகிற டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு இங்க் பேனாவில் ஒரு நேர்கோடு போடத் தெரியாது. மூன்று வருஷம் கோடு, எழுத்து, கோடு, எழுத்து. அவ்வளவுதான் பயிற்சி. அதற்குப் பிறகு ஞானராஜ் சார் வந்தார்.

ஞானராஜ் சார் சென்னையில் படித்த ஆர்க்கிடெக்ட். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தியதே கிடையாது. பென்சிலைத் தானே பிளேடால் சீவுவார். சீவல் கீழே விழாமல் பழைய கவர் ஒன்றில் பிடித்துக்கொள்வார். நாங்கள் வரைந்ததில் தப்பு இருந்தால் சிவப்பு மையால் சுழிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. மேஜை மேல் ஒரு கூழாங்கல் வைத்திருப்பார், கறுப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தப்பு இருக்கிற இடத்தில் அந்தக் கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்துத் திருத்தி, கல்லை அவர் மேஜையில் திருப்பி வைக்க வேண்டும். காலையில் வந்ததும் எல்லோரும் முதலில் தங்கள் டிராயிங் போர்டில் கல் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

இடம் பார்க்கப் போனால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருது? நிழல் எங்கே விழுது? பொம்பளைங்க எந்த வழியா தண்ணிக்குப் போறாங்க? பதில் தெரியாமல் விழித்தால் இன்னொரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். கடைசியாக, வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "ஊர்க்காரங்க ஏதாவது கேட்டாங்களா?" அதற்குப் பதில் வாங்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். அவரைப் போல ஒரு அதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலைவாழ் குடும்பங்களுக்கு இருபது வீடு கட்டும் வேலை வந்தது. குப்பனூர் வழியாக ஏறுகிற சாலையில், பாதி மலைக்கு மேல் ஒரு சரிவு. ஜீப்பில் போனோம். நல்ல சித்திரை வெயில். வழக்கம்போல ஒரு மணி நேரம் நின்றோம். சரிவின் நடுவில் லேசாகப் பள்ளமாக ஒரு இடம், இரண்டு பக்கமும் மரங்கள், கீழே முழங்கால் ஆழத்துக்குச் சருகு. அங்கே மட்டும் குளுகுளுவென்று இருந்தது. சார் அதில் போய் நின்றார். அவர் முகமே மாறிவிட்டது.

"இதுதான் ஊர் கூடுற இடம், மிஸ்டர் குமாரசாமி," என்றார். "வீடு கட்டிக் கொடுக்கிறது பெரிசில்லை. நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேணும். அது இல்லேன்னா காலனி இல்லை, குடோன்."

மலைக்குக் குறுக்காக ஒரு தெரு. தெருவுக்கு மேல்பக்கம் ஒரு வரிசை, கீழ்ப்பக்கம் ஒரு வரிசை, இரண்டும் தெருவைப் பார்த்தபடி, எதிரும் புதிருமாக. மேல்வரிசையின் நடுவில் இடம் விட்டு, அந்த மரநிழலில் ஒரு மேடையும் சதுக்கமும். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு முகம் தெரிய வேண்டும், சதுக்கம் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எவ்வளவு நல்ல எண்ணம்! சித்திரை மாதத்தில் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் அல்ல, ஒரு நாள் முழுக்க நின்றிருந்தாலும் அந்தப் பள்ளம் ஏன் பள்ளமாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. மழைக்காலத்தில் மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற வழி அது.

அளவெடுக்க நான் மட்டும் நான்கு நாள் தங்கினேன். வீடு கிடைக்கப்போகிறவர்களில் ஒருவர் வெள்ளையன். சாமையும் ராகியும் போடுகிற கொஞ்சம் காடு, காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை. எனக்குப் பத்து வயசு மூத்தவர். அளவுக் கோலைப் பிடித்துக்கொண்டு என்னோடு நான்கு நாளும் சுற்றினார். அவர் மனைவி சின்னப்பொண்ணு மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து கொடுப்பார். சதுக்கத்துக்கு நேர் எதிரே, கீழ்வரிசையில் அவர்கள் வீடு வந்தது.

கடைசி நாள் சாமான்களைக் கட்டும்போது வெள்ளையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க சார், எங்க ஊட்டுக் கதவு மேலால பாத்து வருதுங்களா?"

"ஆமாங்க. தெருவைப் பாத்து."

"அது கெடக்கட்டுமுங்க. கீழால ஒரு கதவு வெக்க முடியாதுங்களா? சின்னதா இருந்தாப் போதுமுங்க. குனிஞ்சு போயிக்கலாம்."

"எதுக்குங்க ரெண்டு கதவு?"

"மழைக்காலத்துல மேலால வழி நிக்காதுங்க. நாங்கெல்லாம் சரிவப் பாத்துத்தானுங்க கதவு வெப்போம்."

சகதியில் நடக்கச் சிரமம் போல என்று எடுத்துக்கொண்டேன். "சொல்றேனுங்க," என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையில் நாலு கொய்யாப்பழம் வைத்து அனுப்பினார்.

இனி எழுதப் போவதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் வரைபடத்தை ட்ரேசிங் துணியில் மையால் வரைவோம். மெழுகு பூசின மெல்லிய துணி, கண்ணாடி போல மறுபக்கம் தெரியும். தப்பு வந்தால் பிளேடால் சுரண்டி, மேலே வரைய வேண்டும். சுரண்டின இடம் எப்படியும் தெரியும். இன்னொரு வசதியும் அதில் உண்டு. எதிரெதிராக இரண்டு வரிசை வீடு வந்தால் ஒரு வரிசைக்கு மட்டும் வரைந்தால் போதும். துணியை அப்படியே குப்புறத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்தால் எதிர்வரிசை தயார். சமவெளியில் ஆயிரம் வீடுகளுக்கு அப்படித்தான் செய்தோம். இந்த மலைக்கும் அப்படியே செய்தேன். மேல்வரிசை வீடுகளுக்கு முதுகுப்பக்கம், மலையை ஒட்டித் தண்ணீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோக ஒரு வாய்க்கால் உண்டு. திருப்பிப் போட்டதும் கீழ்வரிசைக்கும் வாய்க்கால் முதுகுப்பக்கம் போய்விட்டது, அதாவது பள்ளத்துப் பக்கம். தண்ணீர் வருகிற பக்கம் வாசல், தண்ணீர் வராத பக்கம் வாய்க்கால். பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

கீழ்ப்பக்கத்துக் கதவு எனக்கு மறந்துபோகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். ட்ரேசிங்கை முடித்த அன்றைக்கு நன்றாகவே நினைவு வந்தது. மேல்வரிசையில் பின்கதவு வைத்தால் வாய்க்காலில்தான் கால் வைக்க வேண்டும். ஆகவே கீழ்வரிசைக்கு மட்டும்தான் வைக்க முடியும். அப்படியானால் துணியைத் திருப்பிப் போட முடியாது. கீழ்வரிசைக்கென்று புதுத் துணியில் முதலிலிருந்து வரைய வேண்டும், மூன்று நாள் வேலை. அதைவிட, அந்த ட்ரேசிங்கில் ஒரு சுரண்டல்கூட இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன் வந்ததில்லை. பக்கத்து போர்டுக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அது ஒன்றே காலனி முழுவதற்கும் போதும் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

சார் வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஊர்க்காரங்க ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லீங்க சார். யாரும் ஒண்ணும் கேக்கலீங்க."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் கல் என் போர்டில் இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

வீடுகள் கட்டி முடிந்து இரண்டாம் வருஷ ஐப்பசியில் விடாமல் மழை. ஒரு நாள் மத்தியானம், ஆட்கள் எஸ்டேட்டில் வேலையாக இருந்த நேரத்தில், மேலே மண் சரிந்தது. மேல்வரிசை வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மண்ணோடு தன் பழைய வழியில், நாங்கள் விட்டுவைத்திருந்த சதுக்கத்தின் வழியாக இறங்கி, தெருவைத் தாண்டி, நேர் எதிரே இருந்த வாசலில் புகுந்தது. அது வெள்ளையன் வீடு. உள்ளே சின்னப்பொண்ணும் கடைசி மகளும் இருந்தார்கள். ஒரே கதவு. பின்சுவரில் ஒரு ஜன்னல். சத்தம் கேட்டுக் கீழ்ப்பக்கமாக ஓடிவந்தவர்கள் ஜன்னல் கம்பியை வளைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து கம்பி. கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கம்பி என்ன கனம், எல்லாம் என் கையால் எழுதியது. வளையவில்லை. உள்ளேயிருந்து கை தெரிந்ததாம். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

பிறகு மேலிடத்திலிருந்து, அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப உத்தரவு வந்தது. சார் தன் முறையை விடவில்லை. ஊர்க்காரர்களிடம் கேட்காமல் ஒரு கோடு போட மாட்டேன் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

சேறு காய்ந்து வெடித்த சதுக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். வெள்ளையன் மேடையில் உட்கார்ந்திருந்தார். சார் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இங்கே என்ன வேணும், சொல்லுங்க. எதுவா இருந்தாலும் செய்யறேன்."

வெள்ளையன் என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

"இப்ப என்னத்தக் கேக்கறதுங்க. கேக்கறப்பவே கேட்டமுங்க. கீழால ஒரு கதவு வேணுமின்னு இந்த சார்கிட்டச் சொன்னேன். சொல்றேன்னாருங்க. பெரியவங்க வேண்டாம்னுட்டீங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டோம்."

கோபமே இல்லாத குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பிடித்து நாலு அறை அறைந்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவேன்.

சார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை. பிறகு வெள்ளையனிடம், "ஆமாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். தப்பு என்னுதுதான்," என்றார்.

விசாரணையிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் வீடுகளைத் தெருவைப் பார்த்து வைத்ததும் தன் முடிவு, வரைந்தவர்கள் பொறுப்பல்ல என்று. மாற்றல் வந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கிளம்பின அன்றைக்குக் காலையில் என் போர்டில் அந்த ட்ரேசிங் விரித்திருந்தது. கீழ்வரிசைப் பின்சுவர் மேல் கூழாங்கல். திருத்தித் திருப்பி வைக்க அவர் மேஜையில் ஆள் இல்லை. கல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போவதற்கு முன் அவர் வடிவமைத்த நினைவுச் சின்னத்தை நான்தான் வரைந்தேன். வெள்ளையன் வீடு இருந்த இடத்தில் கருங்கல்லில் ஒரு நிலைவாசல், கதவு கிடையாது. அதைத் தாண்டிக் கீழே சரிவுக்கு இறங்கப் பத்துப் படி. அவ்வளவுதான். அந்த ட்ரேசிங்கை எத்தனை தடவை சுரண்டினேனோ, துணி சில இடங்களில் ஓட்டையாகிவிட்டது. மற்ற கீழ்வரிசை வீடுகளிலும் பின்சுவரை இடித்துக் கதவு வைத்தார்கள். அதற்குள் ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். ஆளில்லாத வீடுகளுக்குக் கதவு வைத்தோம். இப்போது ஏற்காடு பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, அந்த நிலைவாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் பள்ளத்தாக்கு அழகாக விழுகிறதாம்.

நான் ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆனேன். இதையும் சொல்ல வேண்டும்: அந்த வீட்டின் மாதிரிப் படம் எங்கள் அலமாரியில் திருத்தப்படாமலேயே இருந்தது. மலைப்பகுதி வீடு என்று வந்தால் அதைத்தான் எடுப்பார்கள். திருத்த வேண்டியது என் வேலை. ஆனால் மாதிரிப் படத்தைத் திருத்தினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நினைத்தே பதினைந்து வருஷத்துக்கு மேல் அலமாரியைத் திறக்காமல் இருந்தேன்.

போர்டுகளைத் தூக்கிப் பின்னறையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் எனக்கு ஓய்வு நெருங்கியது. கடைசி வாரம், கவிதா என்ற இளம் பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கெட்டிக்காரப் பெண், மரியாதையான பெண்.

"சார், இங்க பாருங்க. அந்தக் காலத்துல துணியத் திருப்பிப் போடுவீங்களாமில்ல? இப்ப ஒரே தட்டுங்க சார்."

தட்டினார். திரையில் ஒரு வரிசை வீடு அப்படியே எதிர்ப்பக்கம் விழுந்தது. அலமாரியில் இருந்த பழைய மாதிரிப் படத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்; மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் கு.சா. என்று என் எழுத்து. அதே மலையில் வெள்ளக்கடைப் பக்கம் வரப்போகிற புதுக் காலனியாம்.

"ஊர்க்காரங்க ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றேன்.

"இல்லீங்க சார். யாரும் ஒண்ணும் கேக்கலீங்க."

அதே வார்த்தைகள். பார்வை திரையை விட்டு அகலவில்லை. நானும் அன்றைக்கு ட்ரேசிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கீழ்வரிசைக்குப் பின்கதவு வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று எழுதவில்லை, அப்போதும் எழுதவில்லை. மாதிரிப் படம் ஏற்கெனவே அனுமதி பெற்றது, மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்ததாம். அதற்குள் எனக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருஷம் ஆடியில் பஸ் பிடித்து மேலே போனேன். வீடுகள் முடிந்து ஆட்கள் குடியேறியிருந்தார்கள். வாசல்களில் மொபெட் நிற்கிறது, சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். கீழ்வரிசைக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவர், ஜன்னல், ஐந்து கம்பி. வாய்க்கால் பள்ளத்துப் பக்கம் சுத்தமாக, காய்ந்து கிடக்கிறது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, ஆபீசருங்களா?"

"இருந்தேம்மா. இப்ப ரிட்டயர்."

"நொம்ப நல்லா கட்டியிருக்கறாங்க. இந்தப் பக்கமா ஒரு கதவு மட்டும் இருந்திருந்தா..."

"நீங்க கேக்கலியாம்மா?"

"கேட்டமுங்களே! கம்ப்யூட்டர் பொண்ணு ஒண்ணு அளவெடுக்க வந்துச்சு. நொம்ப நல்ல பொண்ணு. அதுகிட்டச் சொன்னோம். சொல்றேன்னுச்சுங்க."

சுவரில் கை வைத்துக்கொண்டேன். வெயில் பட்டுச் சூடாக இருந்தது.

"நீங்களாச்சும் ஆபீசுல ஒரு வார்த்த சொல்லுங்க, சாமி."

"சொல்றேம்மா," என்றேன்.

திரும்பி வந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கதவைப் பற்றி ஆரம்பித்தேன். சார், சங்க மலருக்கு எழுதிக் கொடுங்களேன், எல்லோரும் படிப்பார்கள் என்றார்கள். ஆகவே, அன்றைக்கு நிரப்பாத 'காரணம்' கட்டத்தில் எழுத வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன். மலர் பொங்கலுக்கு வருமாம். மழை ஐப்பசியிலேயே வந்துவிடும்.